உடம்புக்காகக் காட்டுக்குப் போகிறவர்களே, உண்மையில் எதற்காகப் போகிறீர்கள்?

தினைப்புனம்:

நாமக்கல் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கொல்லிமலை ஏறப் போகிறவர்கள் வழியில் வண்டியை நிறுத்தி வாந்தி மாத்திரையும் வலித்தைலமும் வாங்குவார்கள், அப்படியே பேச்சுக் கொடுப்பேன். அவர்களில் ஒரு பகுதியினர் அருவி பார்க்கவோ படம் எடுக்கவோ போகிறவர்கள் இல்லை. "உடம்புக்காகப் போகிறோம்" என்பார்கள். முட்டி வலி, தூக்கமின்மை, இளைப்பு, சுகர், பிள்ளை பெற்ற பிறகு வந்த மனச்சோர்வு, கீமோ முடித்த களைப்பு என்று ஆளுக்கொரு காரணம். மலையில் என்ன கிடைக்கும் என்று கேட்டால் பதில் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: நல்ல காற்று, மூலிகை, அருவித் தண்ணீர்.

இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. மூலிகை வேண்டுமென்றால் நாட்டு மருந்துக்கடை பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது. நல்ல காற்றுக்கு ஊரைத் தாண்டி ஏதாவது ஒரு வரப்பில் போய் உட்கார்ந்தால் போதும். இருந்தும் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு, நடக்க முடியாத பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்றால், மேலே இருந்து இழுப்பதைவிடக் கீழே இருந்து தள்ளுவது ஏதோ ஒன்று பெரிதாக இருக்க வேண்டும். போனவர்கள் சொல்லுங்கள், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

ஐந்தருவி:

தென்காசிக்காரன். எங்கள் ஊர்ப் பக்கம் ஜூன் மாதம் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் குற்றாலத்துக்கு எங்கெங்கிருந்தோ வருவார்கள், விருதுநகர், சிவகாசி, தூத்துக்குடி, ராமநாதபுரம் என்று எல்லாம் வெயில் வறுத்தெடுக்கிற ஊர்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே நுழைவதால் இந்தப் பக்கம் மட்டும் குளிர்ந்துவிடும், அதனால் முதல் காரணம் எளிமையானது: சூட்டிலிருந்து தப்பிப்பது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் திருநெல்வேலியில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளும் சீசனுக்கு இங்கேதான் வந்து தங்கினார்கள்.

ஆனால் பேரருவிக்கு முன்னால் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வருஷம் முழுக்க லோடு தூக்குகிறவர், லாரி ஓட்டுகிறவர், அச்சகத்தில் நின்றபடியே வேலை செய்கிறவர் எல்லாம் அங்கே வந்து உட்கார்ந்து தலையிலிருந்து கால்வரை எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். அப்புறம் அருவிக்குள் போய்த் தோள்பட்டையில் அடி வாங்குவார்கள். அந்த ஆளை இன்னொரு மனிதர் கை வைத்துத் தொட்டுப் பிடித்துவிடுவது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். அது வீட்டில் நடக்காது. "குற்றாலம் போனால் உடம்பு லேசாகிறது" என்று அவர் சொல்வதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

வைத்தியர் வீட்டுப் பேரன்:

மூலிகையை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாதீர்கள் அக்கா. பொதிகையிலும் கொல்லிமலையிலும் சதுரகிரியிலும் சித்த மருந்துச் சரக்கு விளைகிறது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. என் தாத்தா காலத்தில் நோயாளியை மலையடிவாரத்தில் தங்க வைத்துத்தான் மருந்து கொடுப்பார்கள். ஒரு மண்டலம், அதாவது 48 நாள். புளி கிடையாது, புகை கிடையாது, இரவு விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் படுக்கை, விடியலில் எழுந்து நடை, எண்ணெய்க் குளியல், பத்தியச் சாப்பாடு. காட்டுக்குப் போவது என்றால் அன்று இதுதான். இப்போது சனிக்கிழமை கிளம்பி, ஒரு கிண்ணம் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பரோட்டா சாப்பிட்டுக்கொண்டே இறங்கி வருகிறார்கள். பழைய முறையில் மருந்து பாதி, ஒழுங்கு பாதி. அந்த ஒழுங்கை வீட்டில் இருந்துகொண்டு யாராலும் கடைப்பிடிக்க முடியவில்லை, அதற்காகத்தான் இடத்தை மாற்றினார்கள் என்பது என் எண்ணம்.

வார்டு அக்கா:

தம்பி சொல்கிற அந்த ஒழுங்கு விஷயம் முழுக்க சரி. ஆனால் "அருவியில் மூலிகைத் தண்ணீர் வருகிறது, அதில் குளித்தால் சுகர் இறங்கும்" என்று நம்பி வருகிறவர்களை நான் வார்டில் பார்க்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். செடி வேரை நனைத்துக்கொண்டு பாறையில் ஓடி வருகிற தண்ணீரில் மருந்தளவுக்கு எதுவும் கரைந்துவிடாது. மலையில் இருக்கிற நாட்களில் மாத்திரை வேண்டாம், ஊசி வேண்டாம் என்று நிறுத்திவிட்டு மயங்கிய நிலையில் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். புதர்க்காட்டில் இருக்கிற மிகச் சிறிய உண்ணிப்பூச்சி கடித்து ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருப்பாக ஒரு தழும்பு இருக்கும், சட்டைக்குள் மறைந்திருந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். டாக்சிசைக்ளின் சீக்கிரம் கொடுத்தால் கேட்டுவிடும், தாமதமானால் உயிருக்கே ஆபத்து. மலைக்குப் போய் வந்து ஒரு வாரம், பத்து நாளில் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது "காட்டுக்குப் போயிருந்தேன்" என்பதைத்தான்.

மரம் மனிதனுக்கு ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவில்லை. ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்கர் 1984ல் வெளியிட்ட ஆய்வு எங்கள் படிப்பிலேயே வரும். பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியாக மரங்கள் தெரிந்த 23 பேரையும் செங்கல் சுவர் மட்டும் தெரிந்த 23 பேரையும் ஒப்பிட்டார்கள். மரம் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகத் தேவைப்பட்டது. அந்த முக்கால் நாளை நான் மதிக்கிறேன். அதைச் "சுகர் இறங்கும்" என்று நீட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

நாகானோ தமிழன்:

ஜப்பானில் வேலை பார்க்கிறேன். இங்கே இதற்கு ஷின்ரின்யோகு என்று பெயர், காட்டுக்குளியல். ஆயிரம் வருஷப் பழக்கம் என்று நம் ஊர்ப் பத்திரிகைகள் எழுதுகின்றன, அப்படி இல்லை. 1982ல் ஜப்பானிய அரசின் வனத்துறை ஆரம்பித்தது, முதல் நிகழ்ச்சி நான் இருக்கிற நாகானோ மாகாணத்தில் அகாசாவா காட்டில் நடந்தது. ஹினோகி என்கிற வாசனையுள்ள ஊசியிலை மரங்கள் முன்னூறு வருஷமாக நிற்கிற இடம். ஒரு காலத்தில் வெட்டிய மரத்தை ஏற்றிய குட்டி ரயிலில் இப்போது சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். வெளிநாட்டு மரம் மலிவாக இறங்கி உள்ளூர் மரத்தொழில் படுத்துவிட்ட நேரம் அது, காட்டுக்கும் மலைக்கிராமத்துக்கும் வேறு ஒரு பிழைப்பு தேவைப்பட்டது. அதாவது போகிறவனுக்கு ஒரு நோக்கம் இருந்ததுபோல அழைத்தவனுக்கும் ஒரு நோக்கம் இருந்தது. அதில் தப்பு இல்லை, ஆனால் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆராய்ச்சி பின்னால்தான் வந்தது. சிங் லி என்ற மருத்துவர் 2005ல் டோக்கியோ கம்பெனி ஊழியர்கள் 12 பேரை ஈயாமா என்ற ஊருக்கு அழைத்துப்போய் இரண்டு இரவு தங்க வைத்தார். ரத்தத்தில் என்.கே. செல்கள் என்று கிருமி தொற்றிய செல்களையும் புற்றுநோய்ச் செல்களையும் தாக்குகிற அணுக்கள் உண்டு, அவற்றின் செயல்பாடு கூடியது. அப்புறம் 24 காடுகளில் 280 மாணவர்களை வைத்து இன்னொரு குழு செய்த ஆய்வில், நகரத்தில் இருந்ததைவிடக் காட்டில் இருந்தபோது எச்சிலில் கார்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோன் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் குறைவு, நாடித்துடிப்பு சில சதவீதம் குறைவு, ரத்த அழுத்தம் ஒன்றிரண்டு சதவீதம்தான் குறைவு. பிரஷர் மாத்திரையை நிறுத்துகிற அளவு இதில் எதுவும் இல்லை என்பதை வார்டு அக்காவுக்காகச் சேர்த்துச் சொல்கிறேன்.

சிங் லி செய்த இன்னொரு சோதனை எனக்கு எப்போதும் யோசனை தரும். டோக்கியோ ஹோட்டல் அறைகளில் 12 பேரை மூன்று இரவு தங்க வைத்து, அறைக்குள் ஹினோகி எண்ணெய் ஆவியை மட்டும் விட்டார். காடே இல்லை. அப்போதும் என்.கே. செல் செயல்பாடு கூடியது. வாசனை மட்டும் காரணமா, மூன்று நாள் ஒழுங்காகத் தூங்கியது காரணமா என்று 12 பேரை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

இதே நாட்டில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலை மலையாக சுகி என்கிற ஊசியிலை மரம் நட்டார்கள். இன்று வசந்த காலத்தில் அந்த மகரந்தத்தால் நாடு முழுக்கக் கோடிக்கணக்கான பேர் தும்மிக்கொண்டு கண் சிவந்து திரிகிறார்கள். ஒரே காடுதான், மனிதன் என்ன நட்டான் என்பதைப் பொறுத்து மருந்தும் ஆகிறது, நோயும் ஆகிறது.

சேத்துப்பட்டு:

நான் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வுக்கூட வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த இழையில் காசநோயைப் பற்றி யாராவது பேசுவார்கள் என்று பார்த்தேன், யாரும் பேசவில்லை. உடம்புக்காகக் காட்டுக்கும் மலைக்கும் போன வரலாற்றில் பெரும்பகுதி அந்த நோயுடையதுதான்.

ட்ரூடோ என்ற அமெரிக்க டாக்டர், தனக்கே காசம் வந்து, எப்படியும் செத்துப்போவோம், பிடித்த காட்டில் சாவோம் என்று 1873ல் அடிரோண்டாக் காட்டுக்குப் போனார். தேறிவிட்டார். பத்து வருஷம் கழித்து அங்கேயே சாரனாக் ஏரி பக்கம் நோயாளிகளுக்குக் குடில்கள் கட்டினார். நம் ஆள் ஒருவர், டாக்டர் சௌரிமுத்து, இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் அதே மாதிரி ஒரு சானடோரியம், அதாவது காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறுகிற இடம், நடத்தினார். 1917ல் கணிதமேதை ராமானுஜன் அங்கே நோயாளியாக இருந்தார். அதே சௌரிமுத்து ஊருக்கு வந்து 1928ல் தாம்பரத்தில் தொடங்கியதுதான் இன்றைக்கு ரயில் நிலையத்துக்குப் பெயராக நிற்கிற சானடோரியம். அப்போது அது ஊருக்கு வெளியே, குன்றும் புதர்க்காடும் இருந்த இடம்.

சரி, காற்றும் ஓய்வும் சத்தான சாப்பாடும் காசத்தைக் குணமாக்கினவா? அதைச் சென்னையில்தான் நேராகச் சோதித்தார்கள். 1956ல் சேத்துப்பட்டில் மையம் தொடங்கி, 193 நோயாளிகளைச் சீட்டுப் போடுவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்திலும் இன்னொரு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான ஒற்றை அறைகளில் இருந்தார்கள், சாப்பாடு மட்டம், பலர் வேலைக்கும் போனார்கள். 1959ல் முடிவு வந்தபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே பலன். மருந்து சரியாக உள்ளே போனால் காட்டுக்காற்று அவசியமில்லை என்று தெரிந்துபோனது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் அந்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொன்று. சானடோரியத்திலிருந்து பாதியில் கிளம்பிவிட்டவர்கள், வீட்டுச் சிகிச்சையில் விலகியவர்களைவிட அதிகம். சம்பாதிக்கிறவன் ஒரு வருஷம் மரத்தடியில் படுத்திருந்தால் குடும்பம் என்ன செய்யும்? காட்டுக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொள்வது எப்போதுமே போக முடிந்தவர்களின் வைத்தியம். அதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

மூன்றாம் மாடி:

ஐயா எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். போக முடிந்தவர்கள், போக முடியாதவர்கள் என்று நீங்கள் சொன்ன இடத்தில்தான் என் பதிலும் இருக்கிறது.

என் மாமியாருக்கு மறதி நோய். பகலில் தூங்குவார், இரவு முழுக்க எழுந்து கதவைத் திறப்பார். பார்த்துக்கொள்வது நான். இந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை, ஆனால் "எனக்கு நாலு நாள் ஓய்வு வேண்டும், நான் எங்காவது போகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், ஒரு மருமகள் அதைச் சொல்ல முடியாது. சொன்னால் அது குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். "டாக்டர் காற்று மாற்றம் வேண்டும் என்கிறார், பிரஷர் ஏறியிருக்கிறது" என்று சொன்னால் நாத்தனார் உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மாற்றி நிற்கிறார். உடம்பு என்று சொன்னால்தான் வழி திறக்கிறது.

ஏன் காடு என்று தினைப்புனம் அக்கா கேட்டார்கள். யோசித்துப் பார்த்தேன். கோயிலுக்குப் போனால் அது எனக்காக இல்லை, வேண்டுதல் பட்டியல் கையிலேயே இருக்கும், மகன் படிப்பு, அவருடைய வேலை, மாமியார் உடம்பு. கல்யாண வீட்டுக்குப் போனால் அங்கேயும் சமையலறைதான். ஹோட்டலில் தங்கினால் செலவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். காடு ஒன்றுதான் யாருக்காகவும் இல்லாமல் போகக்கூடிய இடமாக இருக்கிறது, அதோடு போன் சிக்னல் இல்லை என்பதை எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். நான் எடுக்காமல் இருந்தால் கோபம், சிக்னல் இல்லாமல் இருந்தால் யாருக்கும் கோபம் இல்லை. டாப்சிலிப்பில் வனத்துறை விடுதியில் தங்கினேன். மரத்தின் பெயர் ஒன்றும் எனக்குத் தெரியாது, மூலிகையும் வாங்கவில்லை. இரவில் தூங்கினேன், யாரும் கதவைத் திறக்கவில்லை. பிரஷர் நிஜமாகவே இறங்கியது, அந்த டாக்டரே அளந்து பார்த்தார்.

நாகானோ தம்பி, காட்டில் எந்த வாசனை என்ன செய்தது என்று அளக்கிறார்கள் என்றால், வருகிறவர்கள் எதிலிருந்து கிளம்பி வந்தார்கள் என்பதையும் அளக்கச் சொல்லுங்கள்.

ஐந்தருவி:

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. எங்கள் அம்மா குற்றாலம் பக்கத்திலேயே இருந்தும் விருந்தாளி வந்தால் மட்டும்தான் அருவிக்கு வருவார், அதுவும் சாப்பாட்டுத் தூக்கோடு.

நாகானோ தமிழன்:

அக்கா சொன்னதற்கு இங்கே ஒரு நேரான உதாரணம் இருக்கிறது. ஷினானோ என்று ஒரு சின்ன ஊர், மலையும் காடும். அந்த ஊர் நிர்வாகம் டோக்கியோ கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறது, கம்பெனியே ஊழியர்களை வேலை நாளில் காட்டுக்கு அனுப்புகிறது. ஜப்பானில் ஒருவன் தானாக விடுப்புக் கேட்கத் தயங்குவான், கூட வேலை செய்கிறவர்களுக்குச் சுமை ஏற்றுகிறோம் என்ற கூச்சம். கம்பெனியே அனுப்பினால் கூச்சம் இல்லை. கொரியாவில் 2016லிருந்து வருமானம் குறைந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசே காட்டுக்குப் போக வவுச்சர் தருகிறது. சேத்துப்பட்டு ஐயா கேட்ட கேள்விக்கு அது ஒரு பதில் என்று நினைக்கிறேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கப்லான் தம்பதியர் களைத்த மனது எப்படித் தேறுகிறது என்று பல வருஷம் ஆராய்ந்தார்கள். இயற்கைச் சூழலுக்கு நாலு குணம் வேண்டும் என்றார்கள், அதில் முதல் குணம் வழக்கமான பொறுப்புகளிலிருந்து விலகி இருப்பது. மூன்றாம் மாடி அக்கா அதை வீட்டுக் கதவிலிருந்தே சொல்லிவிட்டார்.

அடையாறு நடை:

இதற்கெல்லாம் காடுவரை போக வேண்டுமா? இங்கிலாந்தில் ஏறக்குறைய இருபதாயிரம் பேரிடம் விசாரித்து 2019ல் ஓர் ஆய்வு வந்தது. வாரத்துக்கு 120 நிமிடமாவது பூங்கா, கடற்கரை, காடு என்று எங்காவது வெளியே பசுமையில் இருந்தவர்கள் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பதாகச் சொன்னது அதிகமாக இருந்தது. ஒரே மூச்சில் போனாலும் பிரித்துப் போனாலும் வித்தியாசம் இல்லை. சென்னைக்கு நடுவிலேயே கிண்டி இருக்கிறது, பெட்ரோலை எரித்துக்கொண்டு மலையில் போய் நெரிசல் செய்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து நீதிமன்றமே இ-பாஸ் வைக்கச் சொல்லும் நிலை வந்துவிட்டது.

மூன்றாம் மாடி:

பக்கத்துப் பூங்காவில் நானும் நடக்கிறேன். இரண்டாவது சுற்றில் போன் வரும், மாத்திரை டப்பா எங்கே என்று.

நெரிசல் பற்றி நீங்கள் சொன்னது சரிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

செம்மேட்டுக்காரன்:

கொல்லிமலையில் பிறந்தவன், மலையாளி என்கிற பழங்குடிச் சமூகம். எங்கள் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்று எழுதுகிறேன்.

நீங்கள் உடம்புக்காக மேலே வருகிறீர்கள், நாங்கள் உடம்புக்காகக் கீழே போகிறோம். ஸ்கேன் எடுக்க, டயாலிசிஸ் செய்ய, சிக்கலான பிரசவத்துக்கு நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோதான். அந்த 70 வளைவும் வலியோடு இறங்குகிறவளுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிறந்ததிலிருந்து இந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறோம், எங்களுக்கும் சுகர் வருகிறது, மாரடைப்பு வருகிறது. தினையும் சாமையும் சாப்பிட்ட தலைமுறை போய், நிலத்தில் பாதி ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளி ஆகி, நாங்களும் ரேஷன் அரிசிக்கு மாறி எவ்வளவோ காலம் ஆகிறது. நீங்கள் "அடர்ந்த காடு" என்று படம் எடுக்கிற பல இடங்கள் சில்வர் ஓக் மரமும் அதில் ஏற்றிய மிளகும் கீழே காப்பிச் செடியும்தான், அது எங்கள் தோட்டம்.

முடவாட்டுக்கால் சூப் விற்கிறவர்களில் என் சித்தியும் உண்டு. அந்தக் கிழங்கு பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிற பெரணி, கிழங்கைப் பெயர்த்து எடுத்தால் அந்தச் செடி போய்விட்டது என்று அர்த்தம். முன்பெல்லாம் வீட்டில் ஒருவருக்குக் கை கால் வலி என்றால் கொஞ்சம் எடுப்போம். இன்று ஒரு விடுமுறை நாளில் சாலையோரம் எத்தனை கடை என்று பாருங்கள். பெயர்த்துக்கொண்டே இருந்தால் எத்தனை காலத்துக்கு வரும்? விற்காமல் இருக்கச் சித்தியால் முடியாது, அதுதான் வருமானம். வாங்குகிற நீங்கள் ஒரு கிண்ணத்தோடு நிறுத்தலாம், காய்ந்த கிழங்கை மூட்டையாகக் கட்டி ஊருக்கு எடுத்துப்போக வேண்டாம்.

ஆனால் ஒன்று நான் பார்த்திருக்கிறேன். சூப் குடித்து முடித்த பிறகும் பெரியவர்கள் எழுந்து போக மாட்டார்கள். சித்தியிடம் அவர்கள் உடம்பைப் பற்றி முழுக்கச் சொல்வார்கள், எந்தப் பக்கம் வலி, எப்போது ஆரம்பித்தது, மருமகள் என்ன சொன்னாள், டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக் கொடுத்தது எல்லாம். சித்தி அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்பாள், "அப்புறம்?" என்பாள். அவசரப்படுத்த மாட்டாள். அவர்கள் கீழே யாரிடமும் இவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

வைத்தியர் வீட்டுப் பேரன்:

தம்பி, தாத்தாவின் வைத்தியத்தில் நாடி பிடித்துப் பார்ப்பதற்கே அவ்வளவு நேரம் ஆகும். பிடித்த கையை விடாமல் கதை கேட்பார். கிழங்கைப் பற்றி நீங்கள் சொன்னதை எங்கள் வைத்தியர் குழுவிலும் போடுகிறேன், சரக்கு வாங்குகிறவர்களில் நாங்களும் இருக்கிறோம்.

தினைப்புனம்:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. நான் புரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். காற்று, மூலிகை, தண்ணீர் என்பது சொல்லத்தக்க காரணம், அதைச் சொன்னால் வீட்டில் விடுவார்கள். சொல்ல முடியாத காரணம் ஒருவருக்கு எண்ணெய் தேய்க்கிற கை, ஒருவருக்கு விடியும்வரை தூக்கம், ஒருவருக்குக் குறுக்கிடாமல் கேட்கிற ஆள். கடையில் இனி யாராவது "உடம்புக்காகப் போகிறோம்" என்றால் வீட்டில் தூக்கம் எப்படி, கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்கப் போகிறேன். மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்பதையும் சேர்த்துத்தான்.

பேரூர் ரோடு:

இழையை இப்போதுதான் முழுக்கப் படித்தேன். அப்பாவுக்கு 61 வயது, போன வருஷம் ஸ்டென்ட் வைத்தோம். இந்த சீசனில் வெள்ளியங்கிரி ஏறியே தீருவேன், ஏழு மலையும் ஏறினால் இதயம் பலப்படும் என்கிறார். வீட்டில் தினமும் சண்டை. என்ன சொல்லி நிறுத்துவது?

வார்டு அக்கா:

வேண்டாம். சீசன் தவறாமல் அந்த மலையில் மாரடைப்பில் இறந்த செய்தி வருகிறது, இதய நோயாளிகள் ஏற வேண்டாம் என்று வனத்துறையே கேட்டுக்கொள்கிறது. ராத்திரியில் ஏறுகிறார்கள், நடுவில் ஒன்று ஆனால் டோலி கட்டித்தான் இறக்க வேண்டும், அதற்குள் நேரம் போய்விடும். ஆனால் தடுப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள், எதற்காக ஏற வேண்டும் என்று சண்டை போடாமல் உட்கார்ந்து கேளுங்கள்.

பேரூர் ரோடு:

கேட்டேன் அக்கா. முதலில் சிவன், சித்தர் என்றுதான் சொன்னார். அப்புறம் சொன்னார், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து தன்னை யாரும் மாடிப்படி ஏற விடுவதில்லை, பால் வாங்கக்கூட அனுப்புவதில்லை, தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் பேத்தி ஓடி வந்து பிடுங்குகிறாளாம். ஏழு மலை ஏறிக் காட்டிவிட்டால் அப்புறம் ஒருவரும் தடுக்க மாட்டீர்கள் அல்லவா என்றார்.

வார்டு அக்கா:

அப்படியென்றால் அவருக்கு மலை அவசியமில்லை, நீங்கள் எல்லோரும் கொஞ்சம் கையை எடுக்க வேண்டும். இதய டாக்டரிடம் கூட்டிப்போய் ட்ரெட்மில் சோதனை செய்து, எவ்வளவு தூரம், எவ்வளவு ஏற்றம் என்று அவர் காதுபடக் கேளுங்கள். டாக்டர் அனுமதிக்கிற அளவை அவர் தனியாக நடக்கட்டும், பாலை நாளையிலிருந்தே அவர் வாங்கி வரட்டும். காடுதான் வேண்டும் என்றால், டாக்டர் சரி என்ற பிறகு, வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் பாருங்கள். 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு ஆரம்பித்தார்கள், எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள், உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டியாக வருவார்கள். 2018ல் குரங்கணித் தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததற்குப் பிறகு அனுமதியில்லாமல் யாரும் நுழையக்கூடாது என்று கண்டிப்பாக இருக்கிறார்கள், அது நல்லதுதான். எளிது என்று இருக்கிற பாதையில் ஒன்றை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

பேரூர் ரோடு:

டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். அப்பா போனை என்னிடமிருந்து வாங்கி அவரே பாதைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை யார் பையில் வைப்பது?

தினைப்புனம்:

இரண்டு பேர் பையிலும். அவர் சட்டைப்பையில் ஒன்று, உங்களிடம் ஒன்று. அது வந்த கண்ணாடிப் புட்டியிலேயே இறுக மூடி வையுங்கள், பிரித்துக் காகிதத்தில் மடித்தால் வீரியம் போய்விடும். புட்டியைத் திறந்து எவ்வளவு நாளாயிற்று என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.